பெரியவரின் இடது கை

அத்தியாயம் 7

மாமியாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த முகத்தோடு அவர் தம்முடைய வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எந்த வேலைக்கு மறு உத்தரவு வரும்வரை வரக்கூடாது என்று அருங்காட்சியகம் எழுத்தில் கொடுத்திருந்ததோ, அந்த வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டு.

துப்பறிவாளர் வாசற்படியிலேயே நின்றார். கொலைகாரன் வீட்டுக் கதவைக்கூட உதைத்துத் திறக்கும் மனிதர், இந்த வீட்டில் மட்டும் பதினான்கு வருஷமாக "வாங்க" என்ற சொல் வந்தால்தான் செருப்பைக் கழற்றுவார்.

"வாங்க மாப்பிள்ளை. உட்காருங்க. அந்த விஷயமா வந்திருந்தா உட்கார வேண்டாம்."

"அந்த விஷயமாத்தான் அத்தை."

"அப்ப நின்னுக்கிட்டே பேசுங்க."

"இன்ஸ்பெக்டருங்க எல்லாம் அத்தானைப் பார்த்தா எழுந்து நிக்கிறாங்க," என்றான் பின்னாலேயே வந்த மைத்துனன். "அத்தானையே நிக்க வைக்க உலகத்துல ஒரே ஒரு ஆள்தான். அது எங்க அம்மா."

துப்பறிவாளருக்கு உதவியாளனும் அவன்தான், அந்த அம்மாளுக்கு ஒரே மகனும் அவன்தான். அவன் கை கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

விஷயம் இதுதான். அருங்காட்சியகத்தின் வடக்குக் கூடத்தில், கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய மம்மி ஒன்று படுத்திருக்கிறது. உப்பிட்டு, உலர்த்தி, பிசின் பூசிப் பாடம் பண்ணிய மனித உடல். அதன் தோலும் நகமும் முடியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆண்டுதோறும் பார்த்து எழுதுவதும், அது கெடாமல் காப்பதும் இருபத்தாறு வருஷமாக மாமியாரின் பொறுப்பு. அவர் அதை மம்மி என்று சொல்லமாட்டார். 'பெரியவர்' என்பார். சென்ற மாதம் கண்ணில் புரை எடுக்க மூன்று வாரம் விடுப்பு எடுத்தார். திரும்பிப் போன அன்று கூடத்து வாசலிலேயே மறித்துவிட்டார்கள். பெரியவரின் இடது கை அழுகி நாறுகிறதாம். எல்லாம் இந்த அம்மாளின் அலட்சியமாம். இன்று மாலை நான்கு மணிக்குள் 'தவறு என்னுடையது' என்ற கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வேலைநீக்கம், கூடவே பத்திரிகைச் செய்தி. போட்டாலோ இருபத்தாறு வருஷமும் ஒரே வரியில் மண்ணாகும்.

"நிபுணர் எழுதின அறிக்கையைப் படிச்சீங்களா அத்தை?"

"எதுக்குப் படிக்கணும்? என்னைக் குறை சொல்லி ஒருத்தன் எழுதினதை, ஆபரேஷன் பண்ண கண்ணை வெச்சு நானே படிக்கணுமா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல."

பழுப்பு உறை ஒட்டினது ஒட்டினபடி மேஜை மேல் கிடந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு அதுதான் மணை.

"சாயங்காலம் போய் என்ன சொல்லப் போறீங்க?"

"ராஜினாமா எழுதித் தருவேன். தப்பு என்னுதுன்னு எழுத மாட்டேன். நீங்க இதுல தலையிட வேண்டாம். மருமகனை விட்டுத் துப்பறிஞ்சு மானத்தைக் காப்பாத்திக்கிட்டான்னு நாளைக்கு நாலு பேர் சொல்லுவாங்க." கோட்டை உதறினார். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. காஞ்ச உடம்பு தானா அழுகாது. ஈரம் பட்டாத்தான் அழுகும். என் கூடத்துல ஈரம் வராது."

துப்பறிவாளருக்கும் கோபம் வந்தது. மாமியார் மேல் அல்ல. வெயிலில் வற்றலாகக் காய்ந்த மாதிரி நேர்மையாக இருந்த ஒருத்தியை, வயசான காலத்தில் வாசலில் நிறுத்தி மறித்தவர்கள் மேல். அவர் படி இறங்கினார். மைத்துனன் இஸ்திரிப் பெட்டியை மெல்லத் தூக்கி, உறையை உருவிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடிவந்தான்.

"சூடா இருக்கு அத்தான்," என்றான் நெஞ்சைத் தடவிக்கொண்டு. "அம்மா கோபம் பேப்பர்லயும் ஏறிடுச்சு."

வடக்குக் கூடத்துக்கு வெளியே மூக்கில் துண்டைக் கட்டிய காவலாளி உட்கார்ந்திருந்தார். உள்ளே, மூக்கில் கைக்குட்டையை அழுத்தியபடி இயக்குநர் நின்றார். தேய்த்துப் பளபளத்த பூட்ஸ், தேய்த்துப் பளபளத்த பேச்சு.

"பாருங்க, தாராளமா பாருங்க. குடும்பத்தார் ஆறுதலுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா எனக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. இங்க இயக்குநராகி மூணு வருஷம் ஆச்சு, இந்தப் பெட்டியை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்ல. இதெல்லாம் அந்தம்மா ராஜ்ஜியம்."

சுவரில் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி இருந்தது. சுழலும் காகிதத்தில் பேனா முனை கோடு இழுத்துக்கொண்டே போகும். மூன்று மாதக் காகிதங்களையும் துப்பறிவாளர் புரட்டினார். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக ஓடியது.

"ஈரம் ஏறவே இல்லையே."

"அந்தம்மா கருவியையே திருத்தி வெச்சிருக்கலாம்."

"ஆஸ்பத்திரில கண்ணைக் கட்டிப் படுத்துக்கிட்டா?" என்றான் மைத்துனன். "எங்க அம்மா கெட்டிக்காரிதான் சார். அவ்வளவு இல்ல."

பெட்டியின் கண்ணாடி மூடி ஒரு ஆள் நீளம், இரண்டு ஆள் கனம். துப்பறிவாளர் தலைமாட்டிலும் மைத்துனன் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கினார்கள். அசையவில்லை. மறுபடி தூக்கினார்கள். மைத்துனனின் சட்டைப் பித்தான் தெறித்ததுதான் மிச்சம்.

"அப்படி இல்லைங்க," என்றார் இயக்குநர் சலிப்போடு. நாற்றத்திலிருந்து எப்போது தப்புவோம் என்றிருந்தது அவருக்கு. கைக்குட்டையை எடுக்காமலே வந்து, இடது மூலைக்குக் கீழே மரச் சட்டத்தை முழங்காலால் ஒரு இடி இடித்தார். 'டக்' என்றது. மூடி கிளம்பியது.

பெரியவர் படுத்திருந்தார். மரப்பட்டை நிறத்தில் தோல், விலா எலும்போடு ஒட்டிய வயிறு, வயிற்றின் மேல் இரண்டு கைகள். வலது கை சருகு மாதிரி உலர்ந்து கிடந்தது. நகங்களின் அடியில் மெல்லிய கோடு, நூல் சுற்றினாற்போல. நான்கு விரல் தள்ளி இடது கை. அது ஊறிப்போய், கருத்து, பளபளத்தது. அதன் மேல் மட்டும் சின்னச் சின்னப் புழுக்கள் மேய்ந்தன. மணிக்கட்டைத் தாண்டி ஒன்றுகூட மேலே ஏறவில்லை.

மைத்துனன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "ரெண்டாயிரம் வருஷமா இந்தப் பூச்சிக்குப் பசியே இல்லையா அத்தான்? இந்த மாசம்தான் பசிச்சுதா? அதுவும் இடது கைதான் ருசிச்சுதா?"

"வாயை மூடுடா," என்றார் துப்பறிவாளர். ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் விழுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே படுக்கை, ஒரே காற்று, ஒரே மூடி. ஒரு கைக்கு மட்டும் ஏன்?

"அத்தை விடுப்புல இருந்தப்ப இதை யார் பார்த்தாங்க?"

"கல்லூரித் திசு நிபுணர். வருஷாந்திர மதிப்பீட்டை அவர்தான் செஞ்சார். அவர் எழுதின அறிக்கைதானே ஆதாரமே." இயக்குநர் வாசலைக் காட்டினார். "நாலு மணிக்கு என் அறைல பார்ப்போம். அந்தம்மாவைப் பேனா எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

துப்பறிவாளரின் கை தானாக மடங்கியது. மைத்துனன் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். அவன் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

நிபுணருக்குக் கல்லூரியில் பிள்ளைகள் வைத்த பெயர் 'பிளேடு'. எதைக் கொடுத்தாலும் தாளை விட மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துவிடுவாராம். ஆய்வுக்கூடம் முழுக்க ஜாடிகளும் தட்டுகளும். ஒரு தட்டில் உப்புக்குள் புதைத்த பன்றிக்கால் ஒன்று இருந்தது.

"பழைய காலத்துல எப்படிப் பாடம் பண்ணாங்கன்னு பசங்களுக்குக் காட்டறதுக்கு," என்றார் பிளேடு பெருமையாக. "நாற்பது நாள் உப்புல கிடக்கணும். ஒரு நாள் குறைஞ்சாலும் உள்ள ஈரம் நின்னுடும்."

"அத்தை உங்களுக்கு ஏதாவது மறுத்திருக்காங்களா?"

"மூணு தடவை. ஆராய்ச்சிக்கு ஒரு விரல்நுனி கேட்டேன். பெரியவர் உடம்புல ஒரு நகக்கண்கூடத் தரமாட்டேன்னுட்டாங்க." அவர் குரலில் வருத்தம் பாலாக வழிந்தது. "எனக்கு அவங்க மேல கோபம் இல்ல. ரொம்ப மரியாதை. ஆனா யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா? வயசு, கண் வேற சரியில்ல."

"கண் சரியில்லாததாலதான் சார் ஆபரேஷன் பண்ணாங்க," என்றான் மைத்துனன். "இப்ப எல்லாரையும் நல்லாத் தெரியுது."

பிளேடு கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

கல்லூரிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து உறையைக் கிழித்தார்கள். இஸ்திரிப் பெட்டியின் முக்கோணம் முதல் பக்கம் வரை கருகிப் பதிந்திருந்தது. மைத்துனன் உரக்கப் படித்தான். தலைமுடி, தோல், மூட்டு என்று வரிசையாகப் போயிற்று. கடைசிப் பக்கத்தில் நிறுத்தினான்.

"அத்தான், இதைக் கேளுங்க. 'இடது கை நீங்கலாக உடல் உறுதியாக உள்ளது. நீண்ட பயணத்தைத் தாங்கும்.' கை அழுகினவருக்கு டிக்கெட் போட்டுக் குடுத்திருக்கான்."

"பயணமா? எங்க?"

"நாலு நாட்டுக் கண்காட்சிக்குப் பெரியவரை அனுப்பணும்னு இயக்குநர் ரெண்டு வருஷமா ஒத்தைக்கால்ல நிக்கிறார். 'பயணத்துக்குத் தகுதி இல்லை'ன்னு அம்மா ஒவ்வொரு வருஷமும் எழுதிடுவாங்க. அவங்க கையெழுத்து இல்லாம பெட்டி நகராது."

"இப்ப இந்தக் கையெழுத்தே போதும். அத்தையும் வெளிய போயிட்டா கேட்க நாதி இல்ல." துப்பறிவாளர் எழுந்தார். "ஏன்னு தெரிஞ்சுபோச்சுடா. அந்தக் கைக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் தெரியல. நமக்குப் புரியாதது இந்த அறிக்கையில எங்கேயோ இருக்கு. புரியக்கூடிய ஒரே ஆள் அதை மணையா வெச்சு இஸ்திரி போட்டுட்டாங்க."

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்கள். மாமியார் ஏற்கெனவே வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சாட்சி சொல்ல வந்த பிளேடு ஜன்னலோரம் நின்றார். மேஜையில் கடிதமும் பேனாவும் தயாராக இருந்தன.

"இது ராஜினாமா," என்று ஒரு தாளை வைத்தார் மாமியார். "உங்க கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

"ராஜினாமா பத்தாதும்மா. தப்பை ஒத்துக்கணும்."

துப்பறிவாளர் அறிக்கையை நீட்டினார். "அத்தை, இதைப் படிங்க."

"வேண்டாம் மாப்பிள்ளை."

"ஒரு தடவை."

"நீங்க ஏன் இங்க வந்தீங்க? தலையிட வேண்டாம்னு சொன்னேன் இல்ல? என்னைத் தூற்றி எழுதினதை நான் தொட மாட்டேன்."

"அத்தை, படிங்க," என்று கத்தினார் துப்பறிவாளர்.

அறை அதிர்ந்தது. பதினான்கு வருஷத்தில் அந்த அம்மாள் முன்னால் அவர் குரல் உயர்ந்ததில்லை. மைத்துனன் இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"உங்க மானம் பெரிசுதான். இல்லேன்னு யார் சொன்னா? ஆனா அதையே கதவா சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்தா, வெளிய இருக்கறவன் இஷ்டத்துக்கு எழுதிட்டுப் போவான். நீங்க படிக்க வேண்டாம். நான் படிக்கிறேன். காதைப் பொத்திக்கிறதா இருந்தா பொத்திக்கோங்க."

மாமியார் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. உதடு மட்டும் கோடாக இறுகியது. துப்பறிவாளர் ஆத்திரத்தோடு படித்தார்.

"வலது கை: தோல் உலர்ந்துள்ளது. நகங்கள் ஐந்தும் உறுதி. இடது கை: தோல் நெகிழ்ந்துள்ளது. அழுத்தினால் ஈரம் கசிகிறது. மூன்று நகங்கள் உதிர்ந்துள்ளன. மணிக்கட்டில்..."

"நிறுத்துங்க."

மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன உதிர்ந்திருக்கு?"

"மூணு நகம்."

"உதிராதே." அவர் பிளேடின் பக்கம் திரும்பினார். "பாடம் பண்ணும்போது தோல் கழண்டு நகம் போயிடும்னு, பத்து நகத்தையும் அடியில நூலால கட்டித்தான் உப்புல போட்டிருக்காங்க. பத்துக் கட்டையும் நான் எண்ணியிருக்கேன். கட்டின நகம் எப்படிய்யா உதிரும்?"

"நூல் இத்துப் போயிருக்கும்மா," என்றார் பிளேடு. "ரெண்டாயிரம் வருஷத்து நூல்."

"போகட்டும். நூல் அழுத்தின பள்ளம் எங்க போச்சு? அதை ஏன் நீ எழுதல?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நடந்தார். தடுக்க வந்த இயக்குநரின் கையை மைத்துனன் மரியாதையாகப் பிடித்துக்கொண்டான். "வாங்க சார், சேர்ந்தே போவோம். தனியாப் போனா வழி தவறிடும்."

வடக்குக் கூடத்தில் மூடி இன்னும் திறந்தே இருந்தது. மாமியார் தொடவில்லை. நாற்றத்துக்கு மூக்கையும் மூடவில்லை. முழங்காலை மடக்கிக் குனிந்து, புதிதாகப் பார்வை வந்த அந்த ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.

"இது பெரியவர் கை இல்ல."



"பன்றித் தோல். உள்ள எலும்பு, கல்லூரி எலும்புக்கூட்டுல கழட்டினது, ஓட்டை போட்டுக் கம்பி கோத்த தடம் தெரியுது. நகம் கொம்பைச் சீவி ஒட்டினது. ஒட்டினது ஈரத்துல விட்டுப்போச்சு." அவர் நிமிர்ந்து பிளேடைப் பார்த்தார். "நாற்பது நாள் காய வேண்டியது. எனக்கு விடுப்பே இருபத்தோரு நாள்தான். அரையும் குறையுமாக் காயவெச்சு ஒட்டிட்டுப் போயிருக்கே. பெரியவர் அழுகலடா பாவி. நீ வெச்சது அழுகியிருக்கு."

"குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்," என்றான் மைத்துனன் பிளேடைப் பார்த்து. "கையைத் திருடினதும் நீ, அது அழுகுதுன்னு அறிக்கை எழுதினதும் நீ. அதுலயும் எவ்வளவு நேர்மை. உதிர்ந்த நகத்தை விடாம எண்ணி எழுதியிருக்கே."

பிளேடின் முகம் வெளுத்தது. கண்ணுக்கு எதிரே தெரிவதை எழுதாமல் விடத் தெரியாத படிப்பு அது. அந்தப் படிப்பே ஆளைக் கவிழ்த்துவிட்டது.

"ஐயோ, என்ன அநியாயம்," என்றார் இயக்குநர். "இந்த ஆளை நம்பி நான் மோசம் போயிட்டேனே."

"நீங்க மோசம் போகல," என்றார் துப்பறிவாளர். "அந்த மூடி ரெண்டு ஆள் கனம். இவர் ஒத்தையாத் திறந்திருக்க முடியாது. காலையில நாங்க ரெண்டு பேர் தூக்கியும் வரல. நீங்க வந்து முழங்காலால ஒரு இடி. அத்தை, அந்த இடிக்கிற வித்தை யாருக்குத் தெரியும்?"

"இடது கொக்கி சிக்கும்," என்றார் மாமியார் மெதுவாக. "திறந்து பழகினவங்களுக்குத்தான் தெரியும்."

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூடத் திறக்காத முழங்காலுக்கு அது எப்படித் தெரிஞ்சுது சார்? இவருக்குக் கை, உங்களுக்குப் பயணச் சீட்டு. அப்படித்தானே பேச்சு?"

இயக்குநர் மாமியாரிடம் வந்து கைகூப்பினார்.

"அம்மா, அந்தக் கடிதத்தை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன். நாளைக்கே வேலைக்கு வாங்க. இது வெளிய போனா அருங்காட்சியகத்துக்கே மானம் போகும். நீங்க கௌரவம் பார்க்கிறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

"என் மானத்தைப் பத்திரிகையில போடறேன்னு நாள் குறிச்சீங்க. உங்க மானத்துக்கு மட்டும் நான் திரை பிடிக்கணுமா?" மாமியார் கோட்டுப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். "கடிதத்தைக் கிழிக்காதீங்க. அதுவும் புகாரோட போகணும். மாப்பிள்ளை, போலீஸுக்குச் சொல்லுங்க. புகார் நான் எழுதறேன்."

ஈரமானிக்குக் கீழே இருந்த மேஜையில் நின்றபடியே எழுதினார். ஒரு அடித்தல் இல்லை. தேதி போட்டு, முழுப் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"மாப்பிள்ளை, என்கிட்ட குரலை ஒசத்தினது தப்பு."

"தப்புதான் அத்தை."

"சொன்னது தப்பில்ல."

மைத்துனன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் வந்து இயக்குநரை அறைக்குள் உட்காரவைத்தார். பிளேடை முன்னால் விட்டு எல்லோரும் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், வெள்ளைத் துணிக்குள் அது இருந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. அவை சீவல் சீவலாகக் கண்ணாடித் துண்டுகளில் ஏறியிருந்தன. மீதி மூன்று விரல்களின் நகத்தடியில் நூல் அப்படியே இருந்தது.

மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்ணீரை யாரும் கண்டதில்லை. அன்றும் காணவில்லை.

"டப்பாவில போட்டுடலாமா மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கூடாது. தட்டுல வெச்சு, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும். அதுதான் முறை. ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்." கையுறையை மாட்டிக்கொண்டார். துப்பறிவாளர் முன்னால் வந்தார். மாமியார் தலையசைத்து மறுத்தார்.

"நீங்க வேண்டாம் மாப்பிள்ளை. மறுபக்கம் இவன் பிடிக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பிளேடு கையுறை போட்டுத் தட்டின் மறுமுனையைப் பிடித்தார். கல்லூரி வராந்தாவில் பிள்ளைகள் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட்டார்கள். நடுவழியில் தட்டு ஆடத் தொடங்கியது.

மாமியார் நின்றார். பிளேடும் நிற்க வேண்டியதாயிற்று.

"கை நடுங்கக்கூடாது," என்றார் மாமியார். "வெட்டும்போது நடுங்கலையே."